பட்டியலின் கடைசி எண்

67,46,32,83,88,800.

வாய்விட்டுப் படித்தால் ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மொத்தம் பதின்மூன்று இலக்கங்கள். பார்த்தவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் எண் அல்ல. சீனிவாச ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைத் தொகுப்பில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையின் கடைசி வரியில் நிற்பது இந்த எண்தான். இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது.

பத்தாயிரத்து எண்பது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய ஓர் அளவுகோல் வேண்டும். இதே அளவுள்ள எண்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அதற்குச் சராசரியாகச் சுமார் முப்பது வகுத்திகள் இருக்கும். அந்தச் சராசரியையும் இழுத்து மேலே ஏற்றியவை வகுத்திகள் மிகுந்த ஒரு சிறு பகுதி எண்கள்தான். பெரும்பாலான எண்களுக்கு முப்பதுகூடத் தேறாது. அவற்றின் நடுவில் பத்தாயிரத்தைத் தாண்டி நிற்கிறது இது.

உலகம் பகா எண்களைத்தான் கொண்டாடுகிறது. 2024 அக்டோபரில் நான்கு கோடி இலக்கங்களுக்கும் மேற்பட்ட ஒரு பகா எண் அறிவிக்கப்பட்டபோது அது நாளிதழ்ச் செய்தியானது. ஒரு பெரிய பகு எண் கிடைத்தது என்று யாரும் செய்தி போடுவதில்லை. எந்தப் பெரிய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் பகு எண் தயார் என்பது உண்மைதான். ஆனால் பகு எண்களுக்குள் ஒரு தனித்த வரிசை இருக்கிறது. தனக்கு முன்னால் வந்த எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகள் கொண்டவை மட்டுமே அந்த வரிசையில் இடம்பெறும். ராமானுஜன் அவற்றை எடுத்து ஆராய்ந்தார். தமிழில் இவற்றை உயர் பகு எண்கள் என்கிறோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று தொடங்கிப் போகும் வரிசை அது.

இந்தச் சின்ன உறுப்பினர்கள் நமக்குப் பழக்கமானவர்கள். ஒரு டஜன் 12. நாளுக்கு 24 மணி. மணிக்கு 60 நிமிடம். நம் பழைய கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, ஆண்டுகளின் சுற்றும் 60. பங்கு போடுவதற்கு வாகான எண் எது என்று மனிதர்கள் எந்தத் தேற்றமும் இல்லாமலே கண்டுகொண்டார்கள். அந்த வரிசையைப் பதின்மூன்று இலக்கம் வரை கணினி இல்லாத காலத்தில் கொண்டுபோனவர் ராமானுஜன்.

இனி எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம்.

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

முதல் ஒன்பது பகா எண்கள், ஒன்றுகூட விடுபடாமல். அடுக்குகளை மட்டும் எடுத்து எழுதினால் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்கும் ஏறாமல் இறங்கிக்கொண்டே போகிறது. இது தற்செயல் அல்ல. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. இந்தப் பெருக்கலுக்கு எந்த அடுக்கு எந்தப் பகா எண்ணின் தலையில் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. 2-க்கு 4, 3-க்கு 6 என்று மாற்றிப் போட்டாலும் அதே 10,080தான் வரும். ஆனால் எண் இரண்டேகால் மடங்கு பெருத்துவிடும். ஆகவே பெரிய அடுக்கு சிறிய பகா எண்ணுக்கே போயாக வேண்டும். இறங்குமுகம் கட்டாயம் ஆகிறது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்பதையும் ராமானுஜன் நிறுவினார். அதற்கு விலக்கு இரண்டே எண்கள்: 4, 36. வரிசையின் தொடக்கத்திலேயே இரண்டு விலக்குகளும் வந்து முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு எல்லையற்ற தூரத்துக்கு ஒன்றுமில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இறங்குமுகமான அடுக்குகள் எத்தனையோ விதமாக அமையலாம். ஏன் 6, 4, 2, 2 என்றுதான் இருக்க வேண்டும்? இந்த எண்ணின் முழு நயமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சோதித்துப் பார்ப்பதுதான் இதை ரசிக்கும் வழி.

23-ஐ எடுத்துவிடுவோம். அதற்குப் பதில் இரண்டு 2-களையும் ஒரு 5-ஐயும் சேர்ப்போம். 23 வெளியே, 20 உள்ளே. எண் சிறுத்துவிட்டது, நமக்கு லாபம்போலத் தெரிகிறது. வகுத்திகளை எண்ணினால் 9 × 5 × 4 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 8,640. வீழ்ந்துவிட்டது. சரி, இன்னும் நெருங்கிப் பார்ப்போம்: 23-க்குப் பதில் 22, அதாவது ஒரு 2, ஒரு 11. வருவது 8 × 5 × 3 × 3 × 3 × 2 × 2 × 2. மறுபடியும் 8,640. ஒரு 7-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு 2-ஐயும் ஒரு 3-ஐயும் வைத்தால் ஏழுக்கு ஆறு, எண் கொஞ்சம்தான் குறைகிறது, வகுத்திகள் 9,216. அடுத்த பகா எண்ணான 29-ஐ உள்ளே கொண்டுவந்து, ஈடாக 2, 3, 5 மூன்றிலும் ஒவ்வொன்றைக் கழற்றினால் முப்பதுக்கு இருபத்தொன்பது, மயிரிழை வித்தியாசம். அப்போதும் 9,216தான். எந்தப் பக்கம் எதை நகர்த்தினாலும் எண்ணிக்கை கீழே விழுகிறது. உச்சியில் நிற்கிறது என்பது இதுதான். தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாசகர்கள் தாங்களே இன்னும் சில மாற்றங்களைச் செய்து பார்க்கலாம். எண்ணைச் சிறிதாக்கும் எந்த மாற்றமும் 10,080-ஐத் தொடாது.

தொடாதது மட்டுமல்ல. இந்த வரிசையில் இதற்கு முந்தைய எண் 44,97,55,22,59,200. அதன் வகுத்திகள் 9,216. அதாவது நம் எண்ணுக்குக் கீழே எவருக்கும் பத்தாயிரம் வகுத்திகள் இல்லை. எண்களின் உலகில் முதன்முதலாகப் பத்தாயிரத்தைத் தாண்டியது இதுதான். ராமானுஜன் ஏன் இங்கே நிறுத்தினார் என்பதை இதைக்கொண்டு ஊகிக்கத் தோன்றுகிறது. அவர் சொல்லாததை நான் சொல்ல வேண்டாம்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இதை வகுத்துக்கொண்டே போகலாம். 28 வரை தடையே இல்லை. 29 வரும்போதுதான் முதல்முறையாக மீதி விழுகிறது. அதற்குப் பிறகு 31, 37, 41 என்று பெரிய பகா எண்கள் மட்டும் தடுக்கின்றன. பகு எண்களில் 57 வரை ஒன்றுகூடத் தடுக்கவில்லை, 58-தான் முதலில் தடுப்பது. அதுவும் 29-இன் இரட்டிப்பு என்பதால். ஒன்றிலிருந்து நூறு வரை உள்ளவற்றில் 76 எண்கள் இதை வகுக்கின்றன. வகுக்காத 24-இல் ஒவ்வொன்றுக்குள்ளும் 29 அல்லது அதைவிடப் பெரிய பகா எண் ஒன்று ஒளிந்திருக்கிறது. 1 முதல் 28 வரையுள்ள எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண், அதாவது அவற்றின் மீ.பொ.ம., 80,31,34,33,200. நம் எண் அதைப்போல் சரியாக 84 மடங்கு.

இத்தனை எண்களுக்கு இடம்கொடுக்கும் இந்த எண்ணின் இருபுறத்தும் நிற்பவர்களைப் பாருங்கள். ஒன்று குறைந்தது, ஒன்று கூடியது. இரண்டையும் 2 முதல் 28 வரை எந்த எண்ணாலும் வகுக்க முடியாது. நம் எண்ணை வகுக்கும் எதுவும் அதற்கு அடுத்த எண்ணை வகுக்க இயலாது, 1-ஐத் தவிர. 10,080 வகுத்திகளும் ஒரே இடத்தில் குவிந்ததால், அண்டை எண்கள் இரண்டிலும் 1-ஐத் தவிர அவற்றில் எதுவும் இல்லை.

இனி நான் மிகவும் விரும்பும் இடத்துக்கு வருகிறேன். இந்த எண்ணைச் சின்னச் சின்ன எண்களால் வகுத்து, கிடைக்கும் ஈவு என்ன என்று பார்க்க வேண்டும்.

இரண்டால் வகுத்தால் 33,73,16,41,94,400. இதுவும் ஓர் உயர் பகு எண். மூன்றால் வகுத்தால் 22,48,77,61,29,600. இதுவும். நான்கால் வகுத்தால் 16,86,58,20,97,200. இதுவும். ஐந்தால் வகுத்தால் 13,49,26,56,77,760 வருகிறது. இது மட்டும் இல்லை. இதற்கு 6,720 வகுத்திகள். அதே 6,720 வகுத்திகளைக் கொண்ட இன்னொரு எண் இதைவிடச் சிறியதாக இருக்கிறது: 9,63,76,11,98,400. அந்தச் சிறிய எண் எது? நம் எண்ணை ஏழால் வகுத்தால் வருவது! ஆறால் வகுத்தாலும் அட்டவணைக்குள் இருக்கும் ஓர் எண்ணே வரும். 14, 21, 28, 42 ஆகியவற்றால் வகுத்தாலும் அப்படியே. அட்டவணையின் கடைசி வரியை வைத்துக்கொண்டு அதற்கு மேலுள்ள வரிகளில் பலவற்றை மீண்டும் எடுத்துவிடலாம்.

இப்போது 23-ஆல் வகுப்போம். வருவது 2,93,31,86,25,600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. இதன் வகுத்திகள் 5,040. இதைவிடச் சிறிய எதற்கும் அவ்வளவு இல்லை. ஐயத்துக்கு இடமின்றி இது ஓர் உயர் பகு எண். ஆனால் ராமானுஜனின் அட்டவணையில் இது இல்லை.

அந்த அட்டவணையில் 102 எண்கள் இருக்கின்றன. விடுபட்டது இது ஒன்றே ஒன்று.

எங்கே விடுபட்டது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்கள்: 2,40,94,02,99,600, பிறகு 3,21,25,37,32,800. முதலாவதற்கு 4,800 வகுத்திகள், அடுத்ததற்கு 5,376. இடையில் வர வேண்டியது நம்முடையது, 5,040. மூன்றின் கட்டமைப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறேன்.

2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23
2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19
2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23

மேலும் கீழும் 23-இல் முடிகின்றன. நடுவில் உள்ளது 19-இல் நின்றுவிடுகிறது. மேலும் கீழும் ஒரே ஒரு 7. நடுவில் 7-இன் வர்க்கம். இந்த எல்லைக்குள் 19-இல் முடியும் கடைசி உயர் பகு எண்ணும் இதுவே. இதற்குப் பிறகு அட்டவணையின் இறுதி வரை வரும் ஒவ்வோர் எண்ணும் 23-ஐச் சுமந்தே வருகிறது. 23 உள்ள எண்களின் வரிசையில் ஒருவர் ஆழ்ந்து போய்க்கொண்டிருக்கும்போது, 23 இல்லாத இந்த ஒன்று பார்வையிலிருந்து நழுவ எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று எண்ணிக்கொள்கிறேன். அவர் மனத்தில் நடந்ததை அறிய வழியில்லை. நூற்று மூன்று எண்களில் ஒன்று என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. எஞ்சிய நூற்று இரண்டையும் ஒரு தவறும் இன்றிப் பதின்மூன்று இலக்கம் வரை அவர் எப்படிப் பிடித்தார் என்பதுதான் என்னைத் திகைக்க வைக்கிறது.

அந்த விடுபட்ட எண் முற்றிலும் விடுபடவும் இல்லை. கடைசி வரியின் 10,080 வகுத்திகளை இரண்டு கூறாகப் பிரிக்கலாம்: 23 கலந்தவை, 23 கலக்காதவை. கலக்காதவை சரியாக 5,040. அவைதாம் விடுபட்ட எண்ணின் முழு வகுத்திப் பட்டியல். அவை ஒவ்வொன்றையும் 23-ஆல் பெருக்கினால் எஞ்சிய 5,040 கிடைத்துவிடும். கடைசி எண்ணின் வகுத்திகளில் பாதி அப்படியே அந்தக் காணாமற்போன எண்ணுக்குச் சொந்தம்.

5,040 இங்கே இன்னொரு வேடத்திலும் வருகிறது. நம் எண் முழு வர்க்கம் அல்ல. ஆகவே அதன் வகுத்திகள் இரண்டிரண்டாக இணைகின்றன, ஒவ்வோர் இணையையும் பெருக்கினால் எண் திரும்பக் கிடைக்கும். இத்தனை பொருள்களை நிரையும் நிரலுமாகச் செவ்வகத்தில் அடுக்க எத்தனை வழிகள் என்று கேட்டால் விடை 5,040.

இந்த 5,040 தனியாகவும் புகழ்பெற்ற எண். ஒன்று முதல் ஏழு வரை பெருக்கினால் வருவது. கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் ஒரு கற்பனை நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் வேண்டும் என்று வகுத்தார். போருக்கும் அமைதிக்கும், நிலப் பங்கீட்டுக்கும் வரிக்கும், மக்களை எந்த விதமாகப் பிரித்தாலும் மீதி வராமல் இருக்க வேண்டும் என்பது அவர் காரணம். ஒன்று முதல் பத்து வரை எல்லாவற்றாலும் அது வகுபடும், பன்னிரண்டாலும் வகுபடும். பதினொன்று மட்டும் இணங்காது, இரண்டு மீதி வரும். இரண்டு வீடுகளைத் தள்ளிவிட்டால் அதற்கும் சரியாகிவிடும் என்று அதற்கும் வழி சொல்லியிருக்கிறார். ஒரு நகரத்தின் குடும்பங்களின் எண்ணிக்கையை வகுத்திகளைப் பார்த்துத் தீர்மானித்தவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 5,040 உயர் பகு எண். அதன் இரட்டிப்பான 10,080-உம் உயர் பகு எண். ஒரு வாரத்தில் உள்ள நிமிடங்களும் அதே 10,080. நம் எண்ணின் வகுத்திகளை எண்ணி வந்த விடையே இந்த வரிசையின் இன்னோர் உறுப்பினர் என்பது எனக்கு இனிக்கிறது.

இதுவரை சொன்னதை வைத்து இந்த எண்ணைக் குறைகளற்றது என்று நினைத்துவிடக் கூடாது. ராமானுஜன் உயர் பகு எண்களுக்குள்ளேயே இன்னும் கடுமையான தேர்வு ஒன்றை வைத்தார். அதில் தேறியவற்றை மேம்பட்ட உயர் பகு எண்கள் எனலாம். நம் எண் அதில் தேறவில்லை. தேறியது அதில் மூன்றில் ஒரு பங்கான 22,48,77,61,29,600, அதாவது 3-இன் அடுக்கு நான்குக்குப் பதில் மூன்றாக உள்ளது.

ஏன் என்பதைச் சந்தைக்குப் போகிறவர் கணக்கில் சொல்லலாம். ஒவ்வொரு பகா எண்ணும் ஒரு சரக்கு. அதைச் சேர்ப்பதால் எண் எத்தனை மடங்கு பெருக்கிறது என்பது விலை. வகுத்திகள் எத்தனை மடங்கு கூடுகின்றன என்பது பயன். அந்த மூன்றில் ஒரு பங்கு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து எதை வாங்குவது? நான்காவது 3-ஐ வாங்கினால் எண் 3 மடங்காகும், வகுத்திகள் நான்குக்கு ஐந்து என்ற கணக்கில் கூடும். புதிதாக 29-ஐ வாங்கினால் எண் 29 மடங்காகும், வகுத்திகள் இரட்டிக்கும். பயனின் மடக்கையை விலையின் மடக்கையால் வகுத்து ஒப்பிட்டால் முதலாவதற்கு 0.2031, இரண்டாவதற்கு 0.2058. மூன்றாம் தசம இடத்தில் 29 முந்திவிடுகிறது. மேம்பட்டவற்றின் வரிசையில் அடுத்து வருவது 6,52,14,50,77,58,400. நான்காவது 3 அதற்கும் பிறகுதான். நம் எண் 29-க்காகக் காத்திராமல் 3-ஐ முன்னதாகவே எடுத்துக்கொண்டது. அதனால் இந்த மேம்பட்ட வரிசையில் அதற்கு இடமில்லை. ஆனாலும் தன் அளவில் அதை வெல்ல ஆளில்லை. சிறிய வித்தியாசங்கள் இவ்வளவு துல்லியமாகத் தீர்ப்பெழுதுவதைப் பார்க்கும்போது, இந்த எண்களைக் கட்டியவர் யாருமில்லை, எண்ணிக்கையே இவற்றைக் கட்டியது என்பது கண்முன் விளங்குகிறது.

ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டே இந்தக் கட்டுரை அச்சில் வந்தது. 347-ஆம் பக்கம் தொடங்கி 409-ஆம் பக்கம் வரை. இளமையில் கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவருக்கு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் வழங்கியது, அதற்கு ஆதாரமாக வைக்கப்பட்டது இந்தக் கட்டுரையே. ராமானுஜனின் மற்ற பல முடிவுகள் எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் திடீரென்று வந்து நிற்பவை; இந்தக் கட்டுரை அப்படி அல்ல. ஒவ்வோர் அடியும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒவ்வொரு சமனின்மையும் அடுத்ததைத் தாங்குகிறது. சமனின்மைகளைக் கையாள்வதில் அவருக்கிருந்த அசாதாரணத் திறமைக்குக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி இந்தக் கட்டுரையையே சான்று காட்டினார். அவரை மாயாஜாலக்காரராக மட்டும் பேசிப் பழகியவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பொறுமையும் ஒழுங்கும் உள்ள ராமானுஜன் இங்கே இருக்கிறார்.

கட்டுரை முழுவதுமாக வரவில்லை. முதல் உலகப் போர்க் காலம். கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. எழுதியதில் ஒரு பகுதி அச்சேறாமலே நின்றது. அது கையெழுத்துப் படியாகவே பல்லாண்டுகள் கிடந்து, 1997-இல், 'ராமானுஜன் ஜர்னல்' என்ற ஆய்விதழின் முதல் தொகுதியில் ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புரையோடு வெளிவந்தது. நிறுத்தி வைக்கப்பட்ட அந்தப் பக்கங்களில் ராமானுஜன் வகுத்திகளின் எண்ணிக்கையோடு நிற்காமல், வகுத்திகளின் கூடுதலுக்கும் போகிறார். ஓர் எண்ணின் வகுத்திகளையெல்லாம் கூட்டி, அந்தக் கூடுதலை எண்ணால் வகுத்தால் வரும் விகிதம் எவ்வளவு உயரம் போக முடியும்? பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோள் மெய் என்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்களுக்கு அந்த விகிதம், எண்ணோடு சேர்ந்து மெல்ல உயரும் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்பது அவர் கண்டது.

அந்தப் பக்கங்கள் அச்சில் வருவதற்கு முன்பே, 1984-இல், ரோபன் இதை ஒரு கூர்மையான வடிவத்தில் நிறுவினார். அந்த வரம்பை ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் எந்த எண்ணும் தாண்டாது என்றால் ரீமன் கருதுகோள் மெய். ஒன்றேனும் தாண்டினால் பொய். கணிதத்தின் மிகப் பெரிய விடுகதை ஒன்று வகுத்திகளைக் கூட்டும் கணக்காக மாறிவிட்டது. அந்தக் குறிப்பிட்ட எண் எது தெரியுமா? 5,040.

அதன் வகுத்திகளின் கூடுதல் 19,344; விகிதம் 3.838. அந்த இடத்தில் வரம்பு 3.817. இரண்டாம் தசம இடத்தில் தாண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வரம்பைத் தாண்டிய எண் எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. தாண்டக் கூடியது ஒன்று இருக்குமானால் அது வகுத்திகள் நிரம்பிய எண்ணாகத்தான் இருக்க முடியும் என்பதால், தேடுகிறவர்கள் இந்த வகை எண்களிடையேதான் தேடுகிறார்கள்.

நம் பதின்மூன்று இலக்க எண்ணையும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க முடியும். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் உரிய பங்கைப் பெருக்கிக்கொண்டே போனால், 2-க்கு 127/64, 3-க்கு 121/81, 5-க்கு 31/25, 7-க்கு 57/49, பிறகு 12/11, 14/13, 18/17, 20/19, 24/23. முடிவில் வகுத்திகளின் கூடுதல் எண்ணைப்போல் 5.84 மடங்கு என்று வருகிறது. அந்த இடத்தில் ரோபனின் வரம்பு 6.03.